மொரிஷியஸ்: சுத்திப் பாக்கவும் வியாபாரம் பிடிக்கவும் – போய் வந்தவங்க, அங்க இருக்கறவங்க சொல்லுங்க

கரூர்_தறி | 2024 ஜூன் 11

எல்லாருக்கும் வணக்கமுங்க. கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல்ஸ் பண்றோம். மேசைவிரிப்பு, நாப்கின், படுக்கைவிரிப்பு, குஷன் கவர், திரைச்சீலை. அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாக்கறேன். முக்கால்வாசி சரக்கு ஜெர்மனியில ஒரே ஒரு பார்ட்டிக்குத்தான் போகுது. போன வருஷத்துல இருந்து அவங்க ஆர்டர் தேய்ஞ்சுக்கிட்டே வருதுங்க. ஒரே கிளையில உக்காந்திருக்கற மாதிரி பயமா இருக்குது.

வர்ற செப்டம்பர்ல எங்களுக்குக் கல்யாணமாகி 20 வருஷம். வீட்டுக்காரம்மா மொரிஷியஸ் போகணும்னு ஆசைப்படறாங்க. அங்க அத்தனை ஓட்டல் இருக்குதே, போற போக்குல நாலு பேரைப் பாத்துட்டு வரலாமான்னு எனக்கு யோசனை. இதைக் கேள்விப்பட்டு ஒரு ஆலோசகர் போன் பண்ணினார். அங்க ஒரு கம்பெனி பதிஞ்சுட்டா வரியே கிடையாது, இங்கிருந்து சரக்கை அந்தக் கம்பெனிக்கு வித்து, அங்கிருந்து ஜெர்மனிக்கு வித்த மாதிரி கணக்கு காட்டலாம், எல்லாத்தையும் தானே முடிச்சுத் தர்றேன்னு சொல்றார்.

என் கேள்வி மூணுங்க. குடும்பத்தோட போக ஊர் எப்படி? ஓட்டல் வியாபாரம் பிடிக்க முடியுமா? அந்தக் கம்பெனி சமாச்சாரம் சரிதானா?

பொருநைப்பயணி | ஜூன் 11

அண்ணாச்சி, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லுதேன். 2022 அக்டோபர்ல அம்மா, மனைவி, ரெண்டு பிள்ளைகளோட எட்டு நாள் இருந்தோம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். திரும்பி வர டிக்கெட், தங்குற இடத்துக்கான சீட்டு, செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டினாப் போதும். நம்மளைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால ஓடுற ஊரு. வண்டியும் நம்ம மாதிரி இடது பக்கம்தான், அதனால வாடகைக் காரை நானே ஓட்டினேன். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் காலம். செப்டம்பர் ரொம்ப நல்ல மாசம், வெயிலும் இருக்காது, கசகசப்பும் இருக்காது. ராத்திரி குரேபீப் பக்கம் மேட்டுல குளிரும், ஒரு ஸ்வெட்டர் வச்சுக்கோங்க.

எல்லாரும் போற இடங்களை நீங்களே தேடிக்குவீங்க: ஷாமரேல் ஏழு வண்ண மண்ணு, பாம்ப்ளமூஸ் தோட்டத்துல தாம்பாளம் தாம்பாளமாக் கிடக்கிற அல்லி இலை, செர்ஃப் தீவு. நான் சொல்ல வர்றது வேற. தலைநகர் போர்ட் லூயி துறைமுகத்துல ஆப்ரவாசி காட்னு ஒரு இடம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க கப்பலை விட்டு இறங்கி ஏறின படி பதினாறு இன்னும் இருக்கு. 1834-ல ஆரம்பிச்சு ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் அந்த வழியா வந்திருக்காங்க. 2006-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்திருக்காங்க. கருங்கல்லு, நடுப்பகுதி தேஞ்சு பளபளன்னு இருக்கும். எங்கம்மா செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டாங்க. யாரும் அப்படிச் செய்யச் சொல்லல. நாங்களும் கழட்டினோம்.

கடற்கரை எல்லாம் பொதுச்சொத்து. பெரிய ஓட்டல் முன்னால இருக்கிற மணல்லகூட நீங்க போய் உக்காரலாம், எவரும் கேக்க முடியாது. அதனால விலைகூடின அறை எடுத்துத்தான் கடலைப் பாக்கணும்னு இல்ல.

ஆடிட்டர்_அண்ணாநகர் | ஜூன் 12

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அந்த ஆலோசகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். 'வரியே இல்லை' என்பது முதல் தவறு. அங்கே கம்பெனி வரி 15 சதவீதம். சில வகை வெளிநாட்டு வருமானத்துக்கு 80 சதவீத விலக்கு உண்டு, சரக்கு ஏற்றுமதிக்கு 3 சதவீதம் என்று சலுகை விகிதம் உண்டு. ஆனால் அந்தச் சலுகைகள் அங்கே உண்மையில் ஆளும் அலுவலகமும் வைத்து வேலை நடத்துகிறவர்களுக்கு. நீங்கள் கரூரில் உட்கார்ந்து விலை பேசி, கரூரில் உட்கார்ந்து முடிவெடுத்து, தாளில் மட்டும் கம்பெனி போர்ட் லூயியில் இருந்தால், நிர்வாகம் உண்மையில் எங்கே நடக்கிறது என்று நம் வருமான வரித்துறை பார்க்கும். இந்தியாவில்தான் என்று முடிவானால் அந்தக் கம்பெனியே இங்கே வரி கட்ட வேண்டிய கம்பெனி ஆகிவிடும். போதாததற்கு, உங்கள் சொந்தக் கம்பெனிக்கே குறைந்த விலைக்கு விற்றால் அந்த விலையையும் கேள்வி கேட்பார்கள்.

மொரிஷியஸ் வழியாக வந்தால் இந்தியப் பங்குகளை விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்று ஒரு காலம் இருந்தது உண்மை. 1980-களின் வரி ஒப்பந்தம் அது. 2016 மே மாதம் அதைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இங்கே வரி உண்டு. இந்த மார்ச்சில் இன்னொரு திருத்தத்திலும் இரு நாடும் கையெழுத்திட்டிருக்கின்றன. ஏற்பாட்டின் முக்கிய நோக்கமே வரிச்சலுகைதான் என்று தெரிந்தால் சலுகையை மறுக்க அது வழி செய்கிறது. உங்கள் ஆலோசகர் பழைய பஞ்சாங்கத்தை வைத்து நாள் குறிக்கிறார்.

இன்னொன்று. வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தால் ஆண்டுதோறும் உங்கள் ரிட்டர்னில் அதைக் காட்ட வேண்டும். காட்ட மறந்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் பத்து லட்சம் வரலாம். மறதி என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

எபேன்வாசி | ஜூன் 12

ஆடிட்டர் சார் சொன்னதுல சட்டப் பகுதி அத்தனையும் சரி. ஆனா படிக்கிறவங்களுக்கு மொரிஷியஸ்னாலே வெறும் பெயர்ப்பலகை ஊருன்னு ஒரு எண்ணம் வந்துடக் கூடாது. நான் ஏழு வருஷமா எபேன்ல, அதாவது இங்க இருக்கிற அலுவலக நகரத்துல, முதலீட்டு ஃபண்ட் கணக்கு பாக்கிற வேலையில இருக்கேன். எங்க மாடியில மட்டும் நாற்பது பேர். காலையில மெட்ரோல நின்னுக்கிட்டுத்தான் வரணும், அவ்வளவு கூட்டம். இவங்க எல்லாரும் நிஜமான வேலை பாக்கிறவங்க.

இந்த ஊர் எப்படி மேல வந்துச்சுன்னு தெரிஞ்சா மரியாதை வரும். 1968 மார்ச் 12-ல சுதந்திரம் வந்தப்போ கரும்பைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. ஒரு புயல் அடிச்சா நாடே படுத்துடும். 1970-ல ஏற்றுமதித் தொழிலுக்குச் சட்டம் போட்டு, தையல் ஆலைகளைக் கொண்டுவந்தாங்க. அப்புறம் ஓட்டல், அப்புறம் நிதிச் சேவை, அப்புறம் கணினி. ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்துட்டு இருந்த நல்ல விலை 2009-க்குள்ள மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சப்பவும் எழுந்து நின்னாங்க. 2020 பிப்ரவரியில சர்வதேச அமைப்பு ஒண்ணு பணமோசடித் தடுப்புல குறைன்னு சாம்பல் பட்டியல்ல, அதாவது கண்காணிப்புப் பட்டியல்ல, போட்டுச்சு. 2021 அக்டோபர்ல வெளிய வந்துட்டாங்க. அந்த இடைப்பட்ட காலத்துல நாங்க ராத்திரி பகலா பழைய ஃபைல்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது எங்களுக்குத்தான் தெரியும். இப்ப ஒரு வங்கிக் கணக்கு திறக்கணும்னாகூட பணம் எங்கிருந்து வருதுன்னு குடைஞ்சு எடுத்துடுவாங்க.

கரூர் அண்ணா, உங்களுக்குக் கம்பெனியே தேவையில்ல. இந்தியாவுல இருந்து நேரா ஏற்றுமதி பண்ணுங்க. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியா–மொரிஷியஸ் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில இருக்கு, ஆப்பிரிக்க நாடு ஒண்ணோட இந்தியா போட்ட முதல் ஒப்பந்தம். நம்ம சரக்குல 310 வகைக்கு அங்க சலுகை உண்டு, ஜவுளியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. உங்க சரக்கோட எச்.எஸ். எண்ணை (சுங்கத்துல சரக்கு வகைக்குக் கொடுக்கிற எண்) வச்சு அதுல வருதான்னு பாருங்க. வந்தா, பிறப்பிடச் சான்றிதழ் எடுக்காம ஒரு பெட்டிகூட அனுப்பாதீங்க. அது இல்லைன்னா சலுகை இல்ல. 15 சதவீத வாட் வரி தனி, அதை வாங்குறவர் கட்டுவார்.

"அங்க இருந்து ஆப்பிரிக்கா முழுக்க விக்கலாம்"னு யாராவது சொன்னா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. கோமெசா, சாடெக்னு ஆப்பிரிக்க நாடுகளோட வர்த்தகக் கூட்டமைப்பு ரெண்டுலயும் மொரிஷியஸ் உறுப்பினர், உண்மை. ஆனா கரூர்த் துணியை அங்க இறக்கிப் பெட்டியை மாத்திக் கட்டுனா அது மொரிஷியஸ் துணி ஆகிடாது.

தஞ்சை_அடுப்படி | ஜூன் 14

நான் அங்கே கடை வைத்து மூடிவிட்டு வந்தவன். 2017-இல் கிராண்ட் பே பக்கம் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை. 2019-இல் மூடினேன். கொரோனா வருவதற்கு முன்பே முடிந்த கதை. எனவே அதன்மேல் பழியைப் போட முடியாது.

என் கணக்கு எளிமையாக இருந்தது. தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில்கள் இருக்கின்றன, ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, ஆகவே இட்லி போணியாகும். ஆகவில்லை. அவர்கள் நூறு இருநூறு ஆண்டுகளாக அந்த மண்ணில் இருப்பவர்கள். காலையில் ரொட்டியும் வெண்ணெயும். பத்து மணிக்குப் பசித்தால் தெருமுனையில் தால் பூரி. அந்தத் தால் பூரியை நின்று பார்த்திருக்கிறேன். வேகவைத்து அரைத்த பருப்பை உள்ளே வைத்து, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்திருப்பார்கள். இரண்டாக எடுத்து, பெரிய அவரைக்கறி ஒரு கரண்டி, ருகாய் என்னும் தக்காளிக் குழம்பு ஒரு கரண்டி, மிளகாய் வேண்டுமா என்று ஒரு பார்வை, சுருட்டித் தாளில் மடித்துக் கையில் வந்துவிடும். பத்து விநாடி. என் மசால் தோசைக்குப் பன்னிரண்டு நிமிடம் உட்கார வேண்டும், விலையும் பல மடங்கு. யார் வருவார்கள்?

நான் திறப்பதற்கு முன் அங்கே தங்கியது ஐந்து நாள். ஐந்து நாளும் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைத்தான் பார்த்தேன். ஊர்க்காரர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் அந்தக் கடையைத் திறந்திருக்க மாட்டேன்.

பணம் போன வழியையும் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தம் பிரெஞ்சில் இருந்தது. வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். முன்கூட்டிக் காலி செய்தால் என்ன ஆகும் என்ற பத்தி எனக்குப் புரிந்தது காலி செய்யும்போதுதான். அங்கே சிவில் சட்டம் பிரெஞ்சு வழி, கம்பெனிச் சட்டம் ஆங்கில வழி, கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலில். நம் ஊர் வக்கீலின் அனுபவம் அங்கே பாதிதான் உதவும். டிசம்பரில் ஆட்களுக்குப் பதிமூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி தர வேண்டும் என்பதையும் முதல் டிசம்பரில்தான் தெரிந்துகொண்டேன்.

ஊர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. என் சமையல்காரருக்கு அம்மை கண்டபோது பக்கத்து வீட்டு அம்மாள் பன்னிரண்டு நாளும் கஞ்சி கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது.

கரூர்_தறி | ஜூன் 15

தஞ்சை அண்ணா, படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரலைங்க. இவ்வளவு வெளிப்படையா எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. ஆலோசகர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆடிட்டர் சாருக்கும் நன்றிங்க.

இப்ப கேள்வி ஒண்ணுதானுங்க. ஓட்டல்காரங்களை யாரு மூலமாப் பிடிக்கறது?

எபேன்வாசி | ஜூன் 15

ஓட்டல் வாசல்ல போய் நிக்காதீங்க. பெரிய குழுமங்களுக்கெல்லாம் கொள்முதல் ஒரே தலைமை அலுவலகத்துல நடக்கும். ரெண்டு மாசம் முன்னாடியே மெயில் போட்டு நேரம் வாங்கணும். அலுவலக மெயில் ஆங்கிலத்துல போடலாம், ஆனா ரெண்டு வரி பிரெஞ்சுல ஆரம்பிச்சா மதிப்பாங்க. பேச்சு கிரியோல்ல நடக்கும், பிரெஞ்சுல இருந்து வந்த உள்ளூர்ப் பேச்சுமொழி அது. "கி மான்யேர்?"னு கேட்டா எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம், "மோ ப்யேன்"னு சொன்னாப் போதும். மாலை அஞ்சு மணிக்கு மேல போர்ட் லூயி காலியாகிடும், காலையிலயே பாருங்க.

சந்தை சின்னதுன்னு மனசுல வச்சுக்கோங்க. ஊர் மக்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம், வருஷத்துக்கு வர்ற பயணிகள் நல்ல வருஷத்துல 13 லட்சத்துக்கு மேல. ஒரு கன்டெய்னர் ஆர்டர் எதிர்பார்க்காதீங்க. பத்துப் பெட்டி, இருபது பெட்டின்னு ஆரம்பிக்கும். ஜெர்மனிக்கு இது மாற்று ஆகாது, பக்கத்துல ஒரு சின்ன ஊன்றுகோல் ஆகும்.

மோகா_டீச்சர் | ஜூன் 17

வணக்கம். நான் மொரிஷியஸில் பிறந்தவள். எங்கள் குடும்பம் இங்கே ஐந்தாவது தலைமுறை. வீட்டில் கிரியோல்தான் பேசுவோம். தமிழை மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்து, பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்றேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை ஐயா சொன்னதை மறுக்கவில்லை. எங்களைத் தமிழ்நாட்டின் ஒரு துண்டாக எண்ணி வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஆனால் எங்களிடம் எதுவுமே மிஞ்சவில்லை என்று எண்ணிப் போகிறவர்களும் தவறு செய்கிறார்கள். ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் லாபூர்தொனே ஆளுநராக இருந்த 1730-களில், புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள். போர்ட் லூயியின் பழைய கட்டடங்களில் அவர்கள் கை இருக்கிறது. எங்கள் நாக்கில் ரசம் 'ராசோன்' ஆகிவிட்டது, கைலாசம் கோயில் 'கைலாசோன்' ஆகிவிட்டது, முருங்கைக் கீரை 'ப்ரேத் முரும்' ஆகிவிட்டது. சொல் தேய்ந்தது, பொருள் போகவில்லை. கோயிலில் இன்றும் வாழையிலை போட்டு 'செத் காரி' பரிமாறுகிறோம். ஏழு கறி என்று பொருள்.

1998-இல் புதிய ரூபாய் நோட்டு வந்தபோது தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டிருந்தார்கள். நாங்கள் எதிர்த்தோம். அடுத்த ஆண்டே அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். தமிழ் பேச வராத இளைஞர்களும் அன்று எங்களோடு நின்றார்கள். நூறு ரூபாய் நோட்டில் நீங்கள் பார்க்கும் முகம் எங்கள் தமிழ்த் தலைவர்களில் ஒருவரான ரெங்கநாதன் சீனிவாசன்.

கரூர் தம்பி, செப்டம்பரில் வரும்போது வியாழன் அல்லது ஞாயிறு காத்ர் போர்ன் சந்தைக்குப் போங்கள். அந்த இரண்டு நாளும் அங்கே துணிச் சந்தை. எங்கள் பெண்கள் துணியை எப்படித் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு அதே ஊரில் கோர் த கார்த் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு உங்கள் மனைவியை அழைத்துப் போங்கள். ஒரு வேளை எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். இதை மறுக்கக் கூடாது.

பொருநைப்பயணி | ஜூன் 17

டீச்சர், உங்க எழுத்துல ஒரு பிழையும் இல்ல. நாங்க ப்ளூ பே கடற்கரைக்குப் போனப்ப படகுக்காரர் ஒருத்தர் 2020-ல கப்பல் மோதி எண்ணெய் கொட்டின கதையைச் சொன்னார். கண்ணு கலங்கிட்டார். நீங்க அப்ப அங்கதான இருந்தீங்க?

மோகா_டீச்சர் | ஜூன் 18

ஆம். வகாஷியோ கப்பல் ஜூலை 25 அன்று பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்டில் உடைந்து ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. அரசு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. காய்ந்த கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, நீளமாகக் கோத்து மிதவையாகக் கடலில் விட்டோம். எங்கள் வீட்டுப் பழைய படுக்கைவிரிப்புகள் அத்தனையும் அதில் போயின. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், சீனர் என்று எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். என் கைநகத்தில் அந்தக் கறுப்பு மூன்று வாரம் போகவில்லை.

கரூர்_தறி | 2024 செப்டம்பர் 29

போயிட்டு வந்துட்டோமுங்க. நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ரெண்டு கொள்முதல் மேனேஜரைப் பாத்தேன். முதலாமவர் பத்து நிமிஷம்தான் கொடுத்தார். ரெண்டாவது ஒரு அம்மா. நான் கொண்டுபோன மேசைவிரிப்பை எல்லாம் அப்படியே தள்ளி வச்சுட்டாங்க. நீச்சல்குளத்து ஓரம் போடற சாய்வு நாற்காலிக்கு மெத்தை கவர் சாம்பிள் ஒண்ணு இருந்துச்சு, கடைசியா எடுத்துட்டுப் போனது. அதைக் கையில எடுத்தாங்க. தன்னோட கைக்குட்டையைத் தண்ணியில நனைச்சு, துணியோட சிவப்புக் கோட்டு மேல அழுத்தித் தேய்ச்சு, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. கைக்குட்டையில லேசா சிவப்பு ஒட்டுச்சுங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒடுங்கிப் போச்சு. உப்புக்காத்து, குளோரின், பகல் பூரா வெயில், இந்த மூணையும் ஆறு மாசம் தாங்கணும், தாங்குனா மறுபடி வாங்கன்னு சொன்னாங்க. சாயத்தை மாத்தி, சீக்கிரம் வெளுக்காத வாட் சாயத்துல புதுசா போட்டு, ஆய்வகத்துல சோதிச்ச ரிப்போர்ட்டோட நவம்பர்ல சாம்பிள் அனுப்பறதாச் சொல்லியிருக்கேன். ஆர்டர் இல்லைங்க. ஆனா கதவு சாத்தலை.

டீச்சர் அக்கா வீட்டுல சாப்பிட்டோம். ஏழு கறியும் இலையில இருந்துச்சு. பலாக்காய்க் கறியை வீட்டுக்காரம்மா மூணு தடவை கேட்டு வாங்கினாங்க. சாப்பிட்டு முடிச்சதும் அக்கா பீரோவைத் திறந்து ஒரு வேட்டி எடுத்துக் காட்டினாங்க. அடர் ரோஸ் நிறம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவங்க எல்லாரும் அந்த நிறத்துலதான் கட்டுவாங்களாம். அங்க தைப்பூசம் நாட்டுக்கே விடுமுறை. கொடியேத்தி பத்து நாள் விரதம். எங்க ஊர்ப் பக்கம் மஞ்சளும் பச்சையும்தான், அப்படி ஒரு ரோஸ் நான் வேட்டியில பாத்ததே இல்லைங்க. அக்கா வச்சிருந்தது பாலியஸ்டர், வேர்வையை உறிஞ்சாது. வெயில்ல காவடியோட நாலு மணி நேரம் நடக்கறவங்களுக்கு உடம்போட ஒட்டிக்கும்.

என் மச்சானுக்கு ஈரோட்டுல வேட்டித் தறி இருக்குது. பருத்தியில, அதே ரோஸ்ல, முதல்ல இருநூறு வேட்டி நெசவு பண்ணித் தரச் சொல்லிட்டேன். அடுத்த தைப்பூசம் பிப்ரவரி 11. ஜனவரி நடுவுக்குள்ள போர்ட் லூயியில இறங்கணும். காத்ர் போர்ன்ல பூஜைச் சாமான் விக்கற ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார், பாதி முன்பணம்.

அக்கா, போன்ல அனுப்பின படத்துல நிறம் சரியாத் தெரியலைங்க. என் போன்ல ஊதா மாதிரி காட்டுது, மச்சான் போன்ல சிவப்பு. சாயக்காரர் கையில கொடுக்க ஒரு துண்டு வேணும்.

மோகா_டீச்சர் | செப்டம்பர் 30

தம்பி, வேட்டியின் ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெட்டி இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். வெளுக்காத பக்கம் எது என்று நூலால் அடையாளம் தைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்து நிறம்தான் வேண்டும். நீளம் நான்கு முழத்துக்குக் குறைய வேண்டாம், எங்கள் பையன்கள் உயரம்.